ஊறுகாய்க்கு ஒரு சிலி ஒயின்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கப்பல் சமையல்காரர். பஸ் டிக்கெட்டைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினார். மடியில் பாதி காலியான சிலி நாட்டு ஒயின் புட்டி.

"விலை கம்மி அண்ணாத்த, ஆனா தங்கமான சரக்கு."

மதுவிலக்குக் காலம். திருக்கழுக்குன்றத்தில் ஏட்டு ஏறியதும் புட்டி என் மடிக்கு மாறியிருந்தது. என் உயிர் மட்டும் அங்கேயே இறங்கிவிட்டது.

"இன்னாய்யா இது?"

"ஊ... ஊறுகாய்க்குக் காடி, வினிகர்" என்று உளறினேன்.

ஏட்டு மூடியைத் திறந்து ஒரு சொட்டு நக்கினார். முகம் கோணியது. "தூ! காடிதான்."

நான் பிழைத்தேன். கப்பல்காரர் எழுந்துவிட்டார்.

"காடியா? இன்னொரு தபா நல்லா ருசி பாத்து சொல்லு ஏட்டய்யா!"

அவர் வாயைப் பொத்தி உட்காரவைத்தேன். மாமல்லபுரம் வரை என்னை முறைத்துக்கொண்டே வந்தார். மோசம் ஏட்டின் நாக்கா, அவருடைய ஒயினா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.