ஜன்னலுக்குக் கீழே நின்ற செலிக்கா

உஸைர் காக்கா அந்தக் காரைத் தேர்ந்தெடுத்ததில் பாதிக் காரணம் ஆசை, மீதிக் காரணம் அதன் வருடச் செலவு குறைவு என்பது. அந்தக் கார் ஒரு தாயை ஊருக்குப் போகவிடாமல் ஷார்ஜாவிலேயே கட்டிப் போடப் போகிறது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? தெரிந்திருந்தால் நானே குறுக்கே படுத்துத் தடுத்திருப்பேன்.

காக்காவுக்குச் சொந்த ஊர் கீழக்கரை. எனக்கும் அதேதான்; அங்கே அண்ணனைக் காக்கா என்போம். துபாய் தேராவில் ஒரு மசாலா மொத்தக் கடையில் இருவருக்கும் வேலை. நான் உள்ளே பில் போடுகிறவன், அவர் வெளியே டெலிவரி வேன் ஓட்டுகிறவர். ஷார்ஜாவின் ரோலாவில் ஒரே ரூமில் தங்கியிருந்தோம். காக்கா வாழ்நாளில் பாதியை அந்த வெள்ளை வேனிலேயே கழித்தவர். ஏலக்காய் மூட்டை குலுங்கிவிடும் என்று வேகத்தடையில் ஊர்ந்து ஊர்ந்து பழகிய கால் அவருடையது. அப்படிப்பட்ட மனிதர் மூத்த மகள் கல்யாணம் முடிந்த வருடம் திடீரென்று, மிதித்தால் மனசு துள்ளுகிற மாதிரி ஒரு கார் வேண்டும் என்றார். நாற்பத்தாறு வயதில் இதென்ன கிறுக்கு என்று நான் கேட்டேன். எல்லா ஆசையையும் தள்ளிப்போட்டாயிற்று, இதையும் தள்ளிப்போட்டால் தூக்கிக்கொண்டு போக நாலு பேர்தான் வருவார்கள் என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

ஆசை பெரிதாக இருந்தாலும் கை சின்னதுதானே. இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்த விஜயபாஸ்கர் அவருக்குக் கணக்கை விளக்கினார். சிலிண்டர் ஏற ஏற இன்சூரன்ஸும் ஏறும். எட்டு சிலிண்டர் என்றால் ஆளையே விழுங்கிவிடும், ஆறு என்றால் பாதி விழுங்கும், நான்கு என்றால் பிழைத்துக்கொள்ளலாம். பழைய வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு, வருடா வருடம் பாஸிங் என்கிற வண்டிச் சோதனையில் தேறி, முல்கியா என்கிற பதிவு அட்டையைப் புதுப்பித்தால் போதும். ஆகவே நான்கு சிலிண்டர், இரண்டு கதவு, கையால் போடுகிற கியர் என்று முடிவானது. விலை குறைந்த டர்போ வண்டி ஒன்று வந்தது. அதை ஏற்கெனவே நாலு கேரேஜ்காரர்கள் பிரித்துப் பூட்டியிருந்தார்கள். அடுத்தவன் கை வைக்காத வண்டிதான் வேண்டும் என்று காக்கா ஒற்றைக் காலில் நின்றார்.

ஷார்ஜா பழைய கார் சந்தையில், ஒரு கடையின் பின்பக்கம், தூசி படிந்து நின்றிருந்தது அந்தச் சிவப்பு செலிக்கா. இருபது வருடப் பழசு. காக்கா ஓட்டிப் பார்த்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்ஜின் சுற்றைக் காட்டும் ஊசி ஆறாயிரத்தைத் தாண்டியதும் இன்ஜின் சட்டென்று குரல் மாறி வேறு யாரோ மாதிரிக் கத்தியது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு கலிமா சொன்னேன். காக்கா சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவு. அடிபட்ட வண்டியா என்று மெக்கானிக்கை வைத்துப் பார்த்தோம், கீறல்கூட இல்லை. முன்னால் வைத்திருந்தவர் யார் என்று கடைக்காரப் பட்டானிடம் கேட்டேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பந்தா முலுக் சலா கயா, பாய்" என்றான். ஆள் ஊருக்குப் போய்விட்டான். இங்கே எல்லோரும் ஒருநாள் ஊருக்குப் போகிறவர்கள்தான் என்பதால் நாங்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

வாங்கிய அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு ரோலாவுக்குள் நுழைந்தோம். கஃபட்டீரியா வாசலில் வண்டியை நிறுத்தினார். இங்கே யாரும் காரை விட்டு இறங்கி டீ குடிப்பதில்லை. ஹாரன் அடித்தால் டீ ஜன்னலுக்கு வரும். காக்கா இன்னும் ஹாரன் அடிக்கவில்லை. அதற்குள் கடை மலையாளி ஒரு கடக் டீயும், சிப்ஸ் வைத்துச் சுருட்டிய பராட்டாவும் கொண்டுவந்து ஜன்னலுக்குள் நீட்டிவிட்டார். அப்புறம்தான் காக்காவின் முகத்தைப் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. மன்னிக்கணும், வேறொரு ஆள் என்று நினைத்தேன் என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனவர், காசு வாங்கத் திரும்பி வரவே இல்லை.

ரோலாவில் பார்க்கிங் கிடைப்பதற்கு லாட்டரி விழவேண்டும். சந்து சந்தாகச் சுற்றிக்கொண்டிருந்தோம். ஒரு பழைய கட்டடத்தின் கீழே, முதல் மாடி ஜன்னலை ஒட்டி, ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அதில் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்று வைத்திருந்தது. எங்கள் வண்டி சந்துக்குள் திரும்பிய சத்தம் கேட்டதுமே அந்தக் கட்டடத்து நாத்தூர், அதாவது காவலாளி, ஒரு வங்காளி, ஓடி வந்து கூம்பை எடுத்தார். கேரேஜிலிருந்து வந்துவிட்டதா என்று இந்தியில் கேட்டுக்கொண்டே குனிந்தவர், உள்ளே பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனார். காக்கா சலாம் சொன்னார். நாத்தூர் மேலே அந்த ஜன்னலைப் பார்த்தார். பிறகு, நிறுத்திக்கொள்ளுங்கள் என்று கையால் காட்டினார். நல்ல மனுஷன் என்றார் காக்கா. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மறுநாளும் அதே இடம், அதே கூம்பு. காக்கா இன்ஜினை அணைத்துச் சாவியை உருவப் போகும்போது ஸ்டீரியோவின் சின்னத் திரை தானாக ஒளிர்ந்தது. ஆங்கில எழுத்தில் அன்பு என்று ஒரு பெயர். அடுத்த நொடி ஒரு தமிழ்ப் பாட்டு, ஆரம்பத்திலிருந்து இல்லை, நடுவிலிருந்து பாடத் தொடங்கியது. யாரோ கேட்டுக்கொண்டிருந்து பாதியில் எழுந்து போன பாட்டு. எங்கள் போன் இரண்டும் சட்டைப் பையில் சும்மா கிடந்தன. காக்கா ஷைத்தானை விரட்ட அஊது ஓதினார். பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்த ஸ்டீரியோவைப் பிடுங்கி எறியுங்கள் என்று அன்றே கத்தினேன். அவர் கேட்கவில்லை. ஊரில் இருக்கும் மனைவி நஜீஹாவிடம் போனில் சொன்னார். அவரும் வண்டியை விற்றுவிடச் சொன்னார். அதையும் கேட்கவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து அந்த ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி, யாருடையதோ அந்தப் போன் எங்கிருந்தோ ஸ்டீரியோவில் வந்து இணையும்வரை காத்திருந்து, ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் ரூமுக்கு வருவார்.

"இது நம்மளத் தேடி வந்த வண்டி இல்ல, தம்பி. இது வேற யாரையோ தேடிக்கிட்டு இருக்கு. அது யாருண்டு எனக்குத் தெரியணும்" என்றார்.

தெரிந்துகொள்ள அதிக நாள் ஆகவில்லை. ஒரு மாலை பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆபீஸ் பையோடு வந்த பெரியவர் ஒருவர் சந்தில் அப்படியே நின்றுவிட்டார். பிறகு வந்து கண்ணாடியைத் தட்டினார். பெயர் அம்மையப்பன், தூத்துக்குடிப் பக்கம், ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் கணக்கர். அந்த முதல் மாடி வீடு அவருடையது. இந்தக் கார் அவருடைய ஒரே மகன் அன்பரசனுடையது.

எங்களைச் சந்துமுனைக்குக் கூட்டிப்போய், மனைவி பார்க்காத இடத்தில் நின்று சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை அன்பரசன் நண்பர்களோடு கோர்ஃபக்கான் கடலுக்குப் போனான். அலை இழுத்துக்கொண்டது. சாயங்காலம் அவனுடைய நண்பன்தான் இந்தக் காரை ஓட்டிக்கொண்டுவந்து வீட்டுக்குக் கீழே நிறுத்திவிட்டு, சாவியோடு மேலே வந்தான். உடலை ஊருக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டுத் திரும்பினார்கள். காரைப் பார்க்கச் சகிக்காமல் அம்மையப்பன் சந்தையில் தள்ளிவிட்டார். மனைவி உமாராணியிடம் அதைச் சொல்லத் தைரியம் இல்லை. கேரேஜில் நிற்கிறது என்று ஒரு பொய் சொன்னார். அந்த அம்மா அதை நம்பி, வண்டி வரும்போது இடம் வேண்டுமே என்று நாத்தூரிடம் சொல்லிக் கூம்பு வைத்தார். மகனின் போனைத் தினமும் சார்ஜ் போட்டு ஜன்னல் மேடையில் வைத்திருந்தார். காக்கா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தத் தொடங்கியதும் அந்தப் போன் புளூடூத்தில் காரைக் கண்டுபிடித்துப் பாடத் தொடங்கிவிட்டது.

அவருக்குச் சர்வீஸ் முடிந்துவிட்டது. மாதக் கடைசியோடு விசா கேன்சல், இருவரும் ஊருக்குப் போயே ஆகவேண்டும். உமாராணி வரமாட்டேன் என்கிறார். மகன் பிறந்து வளர்ந்தது இந்தச் சந்தில்தான், ஊரில் அவனை யாருக்குத் தெரியும், இங்கேதானே தினமும் வந்துகொண்டிருக்கிறான் என்கிறார். பெட்டிக்குள் வைத்த துணியை எல்லாம் திருப்பி அலமாரியில் அடுக்கிவிட்டார். கார் நின்ற இடத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பின்வாசல் வழியாகவே போய்வந்துகொண்டிருந்த அம்மையப்பன், மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். தயவுசெய்து இங்கே நிறுத்தாதீர்கள் பாய் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

காக்கா ஒத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து காரை வெகு தூரத்தில் ஒரு மணல் திடலில் விட்டுவிட்டு நடந்து வந்தார். பிரச்சினை தீர்ந்தது என்று நான் நிம்மதியானேன். அவர்தான் சோறு பிசைந்தபடியே யோசித்துக்கொண்டிருப்பார்.

சில நாளில் அம்மையப்பன் எங்கள் ரூமுக்கே வந்துவிட்டார். முகம் இருண்டிருந்தது. வண்டி வராத முதல் நாள் உமாராணி செருப்புக்கூடப் போடாமல் கீழே இறங்கித் தெருத் தெருவாகத் தேடியிருக்கிறார். பிறகு சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை. ஜன்னலை விட்டு நகர்வதில்லை. மகனுக்கு ஏதோ ஆகிவிட்டது, போலீசுக்குப் போன் செய்யுங்கள் என்கிறார். இறந்த பிள்ளைக்கு மறுபடியும் ஏதோ ஆகிவிட்டது என்று ஒரு தாய் துடிப்பதைக் கேட்க எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தை அவர் மேலேயே காட்டினேன். காரை விற்றுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல் அந்த அம்மாவை இப்படி ஆக்கிவிட்டீர்களே என்றேன். அவர் மறுக்கவில்லை. வாயைத் திறந்தால் வார்த்தை வரமாட்டேன் என்கிறது என்று மட்டும் சொன்னார்.

காக்கா எழுந்து சட்டையை மாட்டினார். "நீங்க சொல்லவேண்டாம், அண்ணே. அவங்க வந்து பார்க்கட்டும்" என்றார்.

அன்று வழக்கமான நேரத்துக்குச் சந்துக்குள் திரும்பினோம். கூம்பு அங்கேயே இருந்தது, நாத்தூர் எடுத்தார். திரை ஒளிர்ந்தது, பாட்டு வந்தது. மேலே ஜன்னல் திறக்கும் ஓசை கேட்டது. மற்ற நாளில் காக்கா உள்ளேயே உட்கார்ந்திருப்பார். மேலே இருந்து பார்த்தால் வண்டியின் கூரை மட்டும்தான் தெரியும். இன்று கதவைத் திறந்து இறங்கி, சந்தின் நடுவில், விளக்கு வெளிச்சத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். நரைத்த தாடி, மஞ்சள் கறை படிந்த கடைச் சட்டை. இந்த மனுஷன் செய்வது பாவமா புண்ணியமா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

ஜன்னலில் இருந்த முகம் அசையவில்லை. பிறகு மறைந்தது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

உமாராணி போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே அம்மையப்பன் இறங்கி வந்து கடைசிப் படியில் நின்றுவிட்டார். அந்த அம்மா காரைச் சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையைக் குனிந்து பார்த்தார். காலியாக இருந்த அந்த இடத்தைக் கையால் தடவினார். பிறகு மறுபக்கம் போய் உட்கார்ந்தார். காக்காவையும் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். நான் வெளியே கதவைப் பிடித்தபடி நின்றேன்.

"தினமும் வந்தது நீங்கதானா, தம்பி?"

"ஆமாக்கா."

"எனக்குத் தெரியும். எட்டிப் பார்த்தா தெரிஞ்சுடும்னுதான் பார்க்காம இருந்தேன்." அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவன் கடலுக்குப் போன அன்னைக்கும் வண்டி வந்துச்சு. சத்தம் கேட்டுச்சு, ஜன்னல்ல நின்னு கை காட்டினேன். அவனும் கீழே இருந்து கை காட்டினான். அது அன்பரசனோட கூட்டுக்காரப் பையன், பாவம், என்ன செய்யறதுன்னு தெரியாமக் காட்டிட்டான். என் பிள்ளைதான்னு நான் உள்ள போய் தோசைக்கல்லைப் போட்டுட்டேன். அந்தப் பையன் சாவியோட மேல வர்றதுக்குள்ள ரெண்டு தோசை ஊத்திட்டேன், தம்பி."

காக்கா தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அந்த அம்மாதான் அவர் தோளில் கை வைத்தார். பாட்டு முடியும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் உமாராணி போனின் ஓரத்தை அழுத்திப் பிடித்து அணைத்தார். மகன் போன பிறகு அவர் அதை அணைப்பது அதுதான் முதல் தடவை. ஸ்டீரியோவின் திரையிலிருந்து பெயர் மறைந்தது.

கதவைத் திறந்துகொண்டு இறங்கி, படியில் நின்ற புருஷனைப் பார்த்தார்.

"டிக்கெட் என்னைக்கு?" என்று கேட்டார்.