வெயிலில் காய்ந்த எழுத்துகள்

திருமங்கலத்தில் மகள் வீட்டில் இருந்தேன். பக்கத்துக் கடைக்காரர் வாசலில் வந்து நின்று, “பெரியவரே, மதுரையிலேர்ந்து போன் வந்துச்சு. ஒங்க டி.வி. கடைக்காரரு காலையில தவறிட்டாராம்” என்றார். பேருந்தில் ஏறும்வரை நான் அதை நம்பவில்லை.

துளசிராமை உங்களில் பலருக்கு டி.வி. பழுதுபார்த்தவராகத் தெரியும். கோச்சடையில் அவர் கடையில் ஈயம் பற்றவைத்தவன் நான். வயதில் அவருக்கு மூத்தவன். அப்போது ஓர் எழுத்தும் தெரியாது. பாகங்களின் மேல் இருக்கும் நிறக்கோடுகளைப் பார்த்தே அவற்றை மாற்றுவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருவர் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். தட்டும் பலகைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய வகை. டி.வி.யோடு இணைத்தால் எழுத்து தெரியும். பழுது நீங்கியபோது அவர் புதிதாக வேறொன்று வாங்கியிருந்தார். இது கடையிலேயே தங்கிவிட்டது.

“தமிழ் வராதா தம்பி இதுல?” என்று கேட்டேன்.

“வந்தா மட்டும் படிச்சுக் கிழிச்சிருவீகளாக்கும்?” என்று சிரித்தார். பிறகு திரையில் ஓர் ஆங்கில எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். “பயப்படாதீகண்ணே. எழுத்துன்னா எட்டுக்கு எட்டு கட்டம். எதுல வெளக்கு எரியுது, எதுல அணைஞ்சிருக்கு. அம்புட்டுத்தான்.”

அந்தச் சொல்லில்தான் எனக்குக் கண் திறந்தது. ஊரே படிக்கும் எழுத்து, எரியும் விளக்கும் அணைந்த விளக்கும்தானா?

அதன்பின் ஒவ்வொரு தமிழ் எழுத்தாகக் கட்டத்தில் வரைந்தார். அவர் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. சாப்பாடு கொண்டுவரும் அவர் மனைவி சரோஜா, “நம்ம வீட்டுப் பேச்சுக்கு ஒரு எழுத்து போடக் காணோம், தமிழுக்கு என்னா ஒழைப்பு” என்று இடிப்பார். “அதுக்கும் வாரேன், மொதல்ல அண்ணன் படிக்கட்டும்” என்பார் இவர். வரைந்ததையெல்லாம் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் தெரிந்தவரைப் பிடித்து ஒரு சிப்பில் ஏற்றி வந்து கம்ப்யூட்டருக்குள் மாட்டினார். “ஏறிருச்சுல்ல, இனி காகிதம் எதுக்கு?” என்று கட்டத்தாள்களைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டார்.

நான் ‘அ’வில் தொடங்கவில்லை. கட்டத்துக்கு எளிதான ‘ட’வில் தொடங்கினேன், பிறகு ‘ப’, ‘ம’. ‘படம்’ என்று திரையில் நானே படித்த நாளில் அவருக்கும் எனக்கும் வேலை ஓடவில்லை.

ஒரு சித்திரையில் கம்ப்யூட்டருக்குள் எறும்பு புற்றுக் கட்டிவிட்டது. போர்டைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, மொட்டை மாடி வெயிலில் வைத்தார். வற்றல் காயப்போடும் ஊரில் வேறெங்கே வைப்பார்? தமிழ் ஏற்றிய சிப்பின் தலையில் ஒட்டியிருந்த சிறு காகிதம் ஈரம் பிடிக்குமென்று அதையும் உரித்துவிட்டார். அடியில் கண்ணாடிச் சன்னல்போல ஒன்று இருந்தது. ஒரு வாரத்துக்கு மேல் காய்ந்தது. திரும்ப மாட்டியபோது திரையில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை.

கல்லூரிக்காரரிடம் போய்க் கேட்டு வந்தார். “பேர் எழுதத்தான் ஒட்டிருக்காகன்னு நெனச்சேண்ணே. அது வெயிலுக்குப் போட்ட மறைப்பாம். கண்ணாடி வழியா வெயிலு போனா உள்ள உள்ளதெல்லாம் அழிஞ்சிருமாம்.” முன்பே பாட்டுக் கேசட் ஒன்றில் பதிந்துவைத்திருந்த நகலைப் போட்டுப் பார்த்தோம். பூஞ்சை பிடித்திருந்தது. 

மறுபடி வரைய உட்கார்ந்தார். சர்க்கரை நோயில் பார்வை மங்கியிருந்தது. “எப்பிடிப் போட்டேன்னே நெனவு வரலையேண்ணே” என்றார். நான் சாக்கட்டியால் தரையில் கட்டம் போட்டேன். திரையில் பார்த்துப் பார்த்துப் படித்தவனல்லவா, எனக்கு நினைவிருந்தது. “தம்பி, ‘ழ’வுக்குக் கீழ ரெண்டு வெளக்கு எரியும்” என்பேன். அவர் குனிந்து எண்ணுவார். அப்படி நான் கற்றவை மட்டும் திரும்ப வந்தன. கற்காதவை எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அவர் மறுபடி யோசித்து வரைவதற்குள் கண் முற்றாகப் போயிற்று. கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடினோம். இப்போது எந்தக் கடைக் கம்ப்யூட்டரிலும் தமிழ் வருகிறது. அந்தப் பாதி எழுத்துகள் யாருக்கு வேண்டும்?

மீதியை நான் செய்தித்தாளில் கற்றேன். அதனால் என் கையெழுத்து இரண்டு விதம். அவரிடம் கற்றவை திரைக் கட்டத்தில் இருந்ததுபோலவே வளையாமல் படிக்கட்டுபோல் இறங்கும், மற்றவை உருண்டிருக்கும். மெதுவாக எழுதும் இந்தத் தாளில் எந்த எழுத்து அவருடையது என்று பார்த்தாலே சொல்லிவிடலாம். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அவ்வளவுதான். அவர் நினைவு மலருக்காக இதை அச்சுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். அச்சானால் எல்லா எழுத்தும் ஒன்றுபோல் உருண்டுவிடும்.