சந்தின் முதல் வீடு

நகராட்சி ஆள் நோட்டீசுடன் வந்தால் எனக்குப் பயமில்லை. பதில் எழுதத் தெரியும். சந்தேஷ் இனிப்பு டப்பாவுடன் வந்தால்தான் பயம். நில எடுப்புப் பிரிவிலேயே தலை நரைத்தவன் நான். ஒரு வீட்டை எடுப்பதன் முதல் கட்டம் அந்த வீட்டுக்காரரின் உடல்நலம் விசாரிப்பது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருக்காது.

அன்று டப்பாவுடன் வந்தவர் வார்டு ஆபீஸ்காரர். என்னை ‘காக்கு’ என்றும் மனைவியை ‘காக்கிமா’ என்றும் அழைத்து, வங்காள வழக்கப்படி சித்தப்பா, சித்தியாக்கிக்கொண்டார். ரத்த அழுத்தம், முழங்கால் எல்லாம் விசாரித்து முடித்தபின், “மெட்ராசுக்கு எப்பப் போறீங்க காக்கு?” என்றார்.

“ஏன், டிக்கெட் எடுத்துத் தரப்போறீங்களா?”

சிரித்தார். சிரித்துக்கொண்டே சுவர்களைப் பார்த்தார்.

நியூ டவுன் ஓரத்தில் எங்கள் சந்தில் ஐந்து வீடுகள். பின்னால் கிடக்கும் காலி நிலத்தில் பஸ் நிலையமும் அடுக்ககமும் கட்ட நகராட்சிக்கு ஆசை. இப்போதெல்லாம் கட்டாயப்படுத்துவதில்லை, விரும்பி விற்பவரிடம்தான் வாங்குகிறார்கள். யாரை முதலில் விரும்பவைப்பது என்பதில்தான் சாமர்த்தியம். சந்தின் வாயில் இருப்பது எங்கள் வீடு. அது கைக்கு வந்தால், தகரத் தடுப்பும் செங்கல் லாரியும் வாசலை மறித்து நிற்கும். மற்ற நால்வரும் ஒரே மழைக்காலத்தில் தாங்களாகவே விரும்பிவிடுவார்கள்.

அவர் போனதும் மனைவியிடம் சொன்னேன்: “நாம ஊருக்குப் போறதா இவங்களே கிளப்பி விடறாங்க. பழைய தந்திரம்.”

“தந்திரமும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான்தான் பக்கத்து வீட்டு அண்ணி, அந்த பௌதிகிட்ட சொன்னேன்.”

“என்னன்னு?”

“போகணும்னு. முட்டி வலிக்குது. பேசறதுக்கு உங்களை விட்டா யாரு? உங்ககிட்ட பேசினா ஆட்சேபணை மனு மாதிரி பதில் வருது.”

வீடு அவள் பெயரில் இருந்தது. என் பிரிவில் இருப்பவன் தன் பெயரில் நிலம் வாங்கினால் விசாரணை வரும் என்று எச்சரிக்கையாக நானே செய்த ஏற்பாடு. ஆட்சேபிக்கச் சட்டப்படி எனக்கு இடமில்லை.

மறுவாரம் அவர் மறுபடி வந்தார். வீடு யார் பெயரில் என்ற விஷயத்தை பௌதி சொல்லியிருக்க வேண்டும். நாற்காலியை என் பக்கமிருந்து என் மனைவி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“காக்கிமா, நீங்க சரின்னு சொன்னா மத்தவங்களும் தைரியமா வருவாங்க.”

அவள் காப்பியை அவர் முன் வைத்தாள். “எங்களுக்கு அவசரமில்லை தம்பி. பின்னாடி நாலு வீட்டுக்காரங்களும் முதல்ல கையெழுத்துப் போடட்டும். நாங்க கடைசியாப் போடறோம்.”

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று அவரை நம்பவைக்க வழியில்லை. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். “அப்ப நாம போறமா, இல்லையா?”

“அந்த நாலு பேரும் சொல்லட்டும்” என்றாள்.