அத்தான் அச்சடித்த என் படம்

சிறுநீரகச் செல்களை வளர்த்து ஆராய்வது என் வேலை. செல்லுக்கு வெளியே ஏடிபி என்ற வேதிப்பொருளை ஒரு சொட்டு விட்டால் போதும். உள்ளே சேமிப்பில் இருக்கும் கால்சியம் வெளிப்பட்டு செல் முழுக்கப் பரவும். சாயம் ஏற்றிய செல்கள் அப்போது பச்சையாக ஒளிரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துப்பொடிக் கடை வைத்திருக்கும் அத்தான் கேட்டாரே என்று, அப்படி ஒளிரும் செல்களை நான் எடுத்த படத்தை அனுப்பியிருந்தேன்.

அடுத்த மாதம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் என் கையில் நோட்டீஸைத் திணித்தான். அதே படம். கீழே, ‘செத்த கிட்னிக்கு உயிர் தரும் பொடி’. பக்கத்தில், கையில் டயாலிசிஸ் ஊசித் தழும்புகளோடு இருந்த பெரியவர் தனக்குக் கிடைத்த நோட்டீஸைப் பத்திரமாக மடித்தார்.

“அண்ணாச்சி, நம்பாதீங்க. இது நான் எடுத்த படம். பொடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“நீங்க எடுத்ததா தாயி? அப்ப நெசந்தான்” என்று முகம் மலர்ந்தார்.

அவர் பஸ் வரும்வரை விளக்கினேன். நோட்டீஸை அவர் கீழே போடவில்லை.

நேரே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, அத்தான் கடைக்குப் போனேன்.

“படம் அம்புட்டு அழகா இருந்துச்சு, ஏட்டி. காப்பி குடிக்கியா?” என்று அத்தான் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. மேஜைமேல் இருந்த நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.