தொட்டி இருந்த இடம்

அந்தத் தெருமுனைக் குப்பைத் தொட்டியை நகராட்சி மூன்று முறை எடுத்தது, மூன்று முறையும் திரும்பக் கொண்டுவந்து வைத்தது. தொட்டி போனாலும் குப்பை போகவில்லை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் அறையின் சன்னல் அதை ஒட்டித்தான் இருந்தது. ஈ மொய்க்காத குழந்தை அங்கே கிடையாது.

நான்காம் முறை எடுத்தபோது, அந்த இடத்தில் ஓர் ஆளை முப்பது நாள் நிறுத்துவது என்று முடிவானது. ஒரு பை குப்பை கிடந்தாலும் தொட்டி திரும்பிவிடும். துப்புரவுப் பணியாளர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும், "நான் நிக்கிறேன் சார்" என்றாள். அன்றிலிருந்து அவள் தொட்டியக்கா.

குப்பை விழுவதெல்லாம் விடியற்காலையில்தான், வேலைக்குப் போகிற அவசரத்தில். அவள் யாரையும் திட்டவில்லை, கையை நீட்டினாள்.

"குடுங்க. வாசலுக்கே குப்பை வண்டி வருதே, ஏன் இங்க வரைக்கும் சுமந்துட்டு வர்றீங்க?"

"வண்டி ஏழரைக்கு வருதுக்கா. எனக்கு மில்லுல ஆறு மணிக்கு ஷிப்டு."

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை ஆபீசில் ஒரு மகராசனும் கேட்டதில்லை! வண்டி டிரைவரை நச்சரித்து நச்சரித்து ஐந்தரைக்கே வரவைத்தாள். மூன்றாம் வாரம் விடாக்கண்டன்கள்கூட வெறுங்கையோடு நடந்துபோனார்கள்.

இருபத்தொன்பதாம் நாள் அவள் வரும்போது ஒரு பை கிடந்தது. உள்ளே நீல நிறச் சீருடைத் துணித் துண்டுகள். அவள் புருஷன் தையல்காரர். பள்ளி திறக்கும் நேரம், மிஷினை விட்டு எழுந்திருக்கவே நேரமில்லை. வீட்டுக்கு வண்டி வரும்போது அவள் இங்கே நிற்பாள், ராத்திரி முழுக்கத் தைத்த அவர் தூங்குவார். ஊருக்குத்தான் உபதேசம் என்று சிரிக்கலாம். தெருவில் ஈ காக்கை இல்லை, வண்டியில் தூக்கிப் போட்டால் முடிந்தது கதை.

ஏழு மணிக்கு அதிகாரி வந்தார்.

"இன்னிக்கும் ஒண்ணும் இல்லையேம்மா?" பேனா ஏற்கெனவே தாளில் இருந்தது.

"இருந்துச்சு சார். எங்க வீட்டுக் குப்பை." பையை முன்னால் வைத்தாள்.

"யாரும் பாக்கலைல்ல? எடுத்துட்டுப் போம்மா."

"அடுத்தவங்க வீட்டுதா இருந்தா எழுதியிருப்பீங்கல்ல? எழுதுங்க சார்."

எழுதிவிட்டார். பிழைக்கத் தெரியாதவள் என்று சொல்பவர்கள் சொல்லட்டும், கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

"துண்டுத்துணி மூட்டை மூட்டையா சேந்துபோச்சு, புத்தி கெட்டுப்போச்சு" என்றார் தையல்காரர் அன்று மாலை.

மறுநாள் காலை தொட்டியோடு லாரி வந்தது. அந்த இடத்தில் தடுப்பூசி நர்ஸ் ஒரு நீள பெஞ்சைப் போட்டிருந்தாள். அதில் கைக்குழந்தைகளோடு ஐந்து தாய்மார்கள். பக்கத்தில் அந்த ஆறு மணி ஷிப்டு மில் தொழிலாளி, வேலைக்குப் போகாமல். பெஞ்சில் இடம் போதாமல் ஓரத்தில் தையல்காரர்.

"நகருங்க, தொட்டிய எறக்கணும்."

"இடம் இல்லையேண்ணே" என்றாள் நர்ஸ். "ஊசி போட வந்தவங்க உக்காந்திருக்காங்க."

லாரி டிரைவர் ஆபீசுக்கு போன் போட்டார். "எறக்க இடமில்ல சார்... சரி சார், திருப்பிட்டு வர்றேன்" என்றார். பிறகு தொட்டியோடு வண்டியைத் திருப்பினார்.

அதிகாரி முன்னால் தலைகுனியாத தொட்டியக்கா, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதாள்.