தலைவருக்காக ஒரு வேண்டுதல்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக இஸ்திரி போடுகிறவளை எல்லாரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் கொதிகலனில் ஆவி ஏறக் கால்மணி நேரம் ஆகும். அதுவரை வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பானேன் என்று அவள் ஆரம்பித்து வைத்ததுதான் வேண்டுதல். அவள் ஒரு வரி சொல்ல, நாற்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு அதே வரியைத் திருப்பிச் சொல்வார்கள். கை சுடாமல் காப்பாற்று, இடுப்பு வலியைக் குறை, மேற்பார்வையாளருக்கு நல்ல புத்தி கொடு. அந்தக் கடைசி வரியில் மட்டும் சத்தம் கொஞ்சம் கூடும்.

சங்கத் தலைவர் ஒரு நாளும் அதற்குத் தலைகாட்டியதில்லை. ஒன்பது வருஷத் தலைவர், பட்டப்பெயர் மைக்கு. நாலு பேர் கூடினால் பேசிவிடுவார். அந்த நாலு பேருக்கு வேண்டியதைச் செய்வது மட்டும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. கடவுளைப் பற்றிக் கேட்டால், "உழைக்கிறவனுக்கு எதுக்குங்க சாமி" என்பார். அவர் உழைத்து யாரும் பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்டவருக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது. விரிப்புகளைத் தேய்க்கும் உருளை இயந்திரத்தில் அக்காவின் தங்கை கை மாட்டி, இரண்டு விரல் போயிருந்தது. கை உள்ளே போகாமல் தடுக்கிற கம்பி கழன்று மூன்று மாதம் ஆகியிருந்தது. அது தலைவருக்கும் தெரியும். ஆனால் மேலதிகாரியைப் பகைத்துக்கொள்ள மனமில்லாமல், 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்ற அறிக்கையில் சங்கத்தின் சார்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விரலோடு தங்கையின் வேலையும் போயிற்று. அவர் ஒரு வார்த்தை மாற்றி எழுதினால் அவளை மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். அக்கா நாலு தடவை போய்க் கேட்டாள். நாலு தடவையும் "அப்புறம் பாக்கலாம்" என்றார்.

துவைக்கிற பெண்கள் அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள். இருபத்தைந்தைத் தாண்டியதும் மைக்கு அக்காவைத் தேடி வந்தார்.

"அக்கா, நாளைக்கு என் பேர்ல ஒரு வேண்டுதல் வெச்சிருங்க. என்னை எதிர்க்கிறவங்க வாயைக் கடவுள்தான் அடைக்கணும். நீங்க வேண்டுனா பலிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க."

"அந்த அறிக்கை, தலைவரே?"

"அதை அப்புறம் பாக்கலாம்க்கா. மொதல்ல இந்தக் கண்டம் தாண்டட்டும்."

அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கடவுள் என்ன, இந்த ஆள் ஏவினால் போய் வாயடைத்துவிட்டு வருகிற அடியாளா? தங்கையைக் குழந்தையிலிருந்து வளர்த்தவள் அவள். அந்தத் தங்கை இப்போது இடது கையால் சட்டைப் பொத்தான் போடப் பழகிக்கொண்டிருந்தாள்.

"சரி, வாங்க. முன்னால நின்னு சத்தமா சொல்லணும். இங்க அதான் பழக்கம்."

"சத்தம் எனக்குச் சொல்லியா குடுக்கணும்?"

மறுநாள் காலையில் சலவைச் சட்டையோடு வந்தார். தன் செல்வாக்கைக் காட்ட மேலதிகாரியையும் கூட்டி வந்திருந்தார். முதல் வரிசையில் நின்று, யாரோ கண்ணைப் பிடுங்க வருகிற மாதிரி இறுக்கி மூடிக்கொண்டார்.

"கடவுளே, எங்க தலைவரை எதிர்க்கிறவங்க நெறைய பேரு" என்றாள் அக்கா.

நாற்பது குரலையும் அமுக்கிக்கொண்டு மைக்கின் குரல் எழுந்தது.

"உனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல."

அதையும் உருகி உருகிச் சொன்னார்.

"கம்பி கழண்டது எனக்கும் தெரியும்."

வந்த வேகத்தில் அந்த வரியும் அவர் வாயிலிருந்து கணீரென்று வந்து விழுந்தது. மேலதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

இதைச் சொல்லும்போது அக்காவின் குரல் உடைந்தது. இது அவருக்காக வைத்த பொறி மட்டும் அல்ல. கம்பி கழன்றதை அவளும் தினமும் பார்த்திருந்தாள். வேறு யாராவது சொல்வார்கள் என்று இருந்துவிட்டாள். இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாததை அன்றுதான் கடவுளிடம் சொன்னாள். நாற்பது பேரும் திருப்பிச் சொன்னார்கள். சிலர் அழுதார்கள். மைக்கு பாதியிலேயே கண்ணைத் திறந்துவிட்டார்.

வேண்டுதல் முடிந்ததும் அக்கா ஒரு வெள்ளைத்தாளை அவர் முன்னால் வைத்தாள்.

"இப்ப சொன்னதை எழுதிக் குடுங்க, தலைவரே."

"அக்கா, அது வேண்டுதல். நீங்க சொன்னீங்க, நானும் கூடவே சொல்லிட்டேன்."

"அப்ப கடவுள்கிட்ட பொய் சொன்னீங்களா?"

மைக்கு மேலதிகாரியைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் பேனாவைத் திறந்து எழுதினார். கடைசியில் தன் பெயருக்குக் கீழே 'தலைவர்' என்று போட மட்டும் மறக்கவில்லை.