ஆள் வருது

காலை பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்ததெல்லாம் என் சிநேகிதியால்தான். பஸ் புறப்படும் மாமல்லபுரத்திலேயே அவள் ஏறிவிடுவாள். நான் வழியில், ஈ.சி.ஆரில் ஒரு நிறுத்தத்தில் ஏறுவேன். அதுவரைக்கும் அவளுடைய சாப்பாட்டுப் பைதான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வரும். யாராவது கேட்டால் முகத்தைக்கூடத் திருப்பாமல், "ஆள் வருது" என்பாள். நின்றுகொண்டு வருபவர்கள் என்னை முறைப்பார்கள். நானும் பார்த்தும் பார்க்காதது மாதிரி உட்கார்ந்துகொள்வேன். மாமியார் கதை, அவள் வேலை பார்க்கும் துணிக்கடையின் மேனேஜர் கதை எல்லாம் கேளம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் பேசித் தீர்த்துவிடுவோம்.

எனக்குக் கேளம்பாக்கத்தில் ஒரு மெடிக்கலில் வேலை. பில் போடும் மேசைக்குக் கீழே ஒரு நீலக் கூடை இருக்கும். வரத்து குறைந்த மருந்து எதுவானாலும், வேண்டியவர்களுக்கென்று கவரில் போட்டு அதில் வைத்துவிடுவோம். ஒருத்தர் வைத்த கவரை இன்னொருத்தர் தொடக் கூடாது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. முதலாளிக்கும் தெரியும். அவருடைய கவரும் அதே கூடையில்தான் கிடக்கும், அவர் எங்களை என்ன கேட்டுவிடப் போகிறார்?

கொஞ்ச நாளைக்கு முன்னால் வலிப்பு மாத்திரை ஒன்று வருவது நின்றுபோனது. சிநேகிதியின் மகளுக்கு அந்த மாத்திரைதான். ஒரு வேளை தவறினாலும் பயம்.

"எனக்கு எடுத்து வெச்சிடுடி. வேற யாருக்கும் குடுத்துடாத" என்று பஸ்ஸிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் இன்னும் கொஞ்சம் இருந்தது. டாக்டரைப் பார்த்துப் புதுச் சீட்டு வாங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். கடையில் மிச்சமிருந்த கடைசி இரண்டு அட்டைகளைக் கவரில் போட்டுக் கூடையில் வைத்தேன். அதற்குப் பிறகு அந்த மாத்திரை கேட்டு வந்தவர்களை எல்லாம் "ஸ்டாக் இல்லீங்க" என்று அனுப்பினேன். அப்போது என் நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை.

மார்க்கெட்டில் மீன் விற்று முடித்த கையோடு ஒருநாள் ஓர் அம்மா வந்தார். காலிப் பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டு, ஈரமான சீட்டை நீட்டினார். அதே மாத்திரை.

"ஸ்டாக் இல்லம்மா."

"அல்லா கடையிலயும் இத்தத்தான் சொல்றாங்க. எங்க வூட்டுக்காரருக்கும்மா. நேத்தோட தீந்துபூட்ச்சி. கடலுக்குப் போவாதன்னு கரையிலயே குந்த வெச்சிகீறேன்."

"வந்தாத்தான குடுக்க முடியும்?"

அந்த அம்மா நகரவில்லை. "யாருக்குனா எடுத்து வெச்சிருப்ப இல்ல, அதுல குடு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "அப்டிலாம் ஒன்னும் இல்ல."

"நானும் யாவாரம் பண்றவதான் கண்ணு. வஞ்சிரம் இல்லன்னு நான் சொல்றப்பல்லாம் அடியில ஒன்னு படுத்துகினு இருக்கும், வாடிக்கக்காரி வருவான்னு. எனக்குத் தெரியாதா?"

திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவரோ ஒரே தொழிலில் இருக்கும் இரண்டு பேர் பேசிக்கொள்வது மாதிரி பேசினார். அதில்தான் நான் தடுமாறிப்போனேன். கூட வேலை பார்க்கும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அவசர அவசரமாக இருமல் மருந்து பாட்டில்களை நேராக்க ஆரம்பித்தார். "உன் கவரு, உன் இஷ்டம்" என்றார், முதுகைக் காட்டிக்கொண்டே. சமயம் பார்த்து நழுவுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

குனிந்து, கவரைப் பிரித்து, ஓர் அட்டையை எடுத்துப் பில் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா ஆச்சரியப்படவும் இல்லை, என்னைக் கும்பிடவும் இல்லை. "இதான, நல்லா பாத்தியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம்தான் எனக்கு மண்டை குழம்பியது. இவருக்கு மட்டும் ஏன் கொடுத்தேன்? நான் சொன்னதை நம்பிப் பேசாமல் திரும்பிப் போனவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? விடாமல் நின்று கேட்பவருக்குக் கொடுப்பதுதான் நியாயமா? எடுத்து வைத்ததே தப்பென்றால், இன்னோர் அட்டையை எதற்குத் திரும்பவும் கூடைக்குள்ளேயே வைத்தேன்? அன்றைக்கு முழுக்க யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் பஸ்ஸில் சிநேகிதியிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

"யாருடி அவ? உனக்குத் தெரிஞ்சவளா?"

"இல்ல. மீன்காரம்மா."

"தெரிஞ்சவளா இருந்தாகூட சரின்னு வுட்டிருப்பேன். எவளோ ஒருத்திக்கு எம் பொண்ணு மாத்திரைய தூக்கிக் குடுத்திருக்க."

"அவுங்களுக்கு சுத்தமா தீந்துபோச்சுடி. உங்கிட்ட இன்னும் கீது இல்ல? இங்கயும் ஒரு அட்ட கீது."

"கீது. அதுவும் தீந்து, சரக்கு வரலன்னா? எம் பொண்ணு வலிப்பு வந்து வியும்போது நீ வந்து புடிச்சிக்குவியா?"

மீன்காரம்மா பேசும்போது அது நியாயமாகப் பட்டது. இவள் பேசும்போது இதுவும் நியாயமாகவே பட்டது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் நியாயமாக இருக்க முடியும் என்பதுதான் விளங்கவில்லை.

டாக்டரைப் பார்க்கவென்று அவள் சில நாள் லீவு போட்டாள். அதற்குள் சரக்கு வந்துவிட்டது. அவளுடைய கணவர் கடைக்கு வந்து, வேண்டியதை வாங்கிக்கொண்டு போனார். பெண்ணுக்கு ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று அவரே சொன்னார். அப்பாடா, இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் திரும்ப வேலைக்கு வந்த அன்று, வழக்கம் போல என் நிறுத்தத்தில் பஸ் ஏறினேன். அவளுடைய சாப்பாட்டுப் பை பக்கத்து இருக்கையில் இருந்தது. பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள் என்று கிட்டே போய் நின்றேன்.

"ஆள் வருது" என்றாள், முகத்தைத் திருப்பாமல்.

கோவளத்தில் நிறைய பேர் ஏறினார்கள். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. கேளம்பாக்கம் வரைக்கும் அந்தப் பைக்குப் பக்கத்திலேயே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.